முதல் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகிறீர்களா? முதலில் கூட்டத்தையும் ஸ்டேடியத்தையும் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ வந்து இறங்கிய முதல் கோடையிலேயே ஆபீஸில் யாராவது பேஸ்பால் பார்க்கக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எங்காவது கூட்டிப்போக வேண்டுமே என்று நாமே தேட ஆரம்பிப்போம். இங்கே பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். அதில் 81 சொந்த ஊரில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் எங்கோ ஓர் ஆட்டம் நடக்கிறது. ஒரே ஸ்டேடியத்தில் ஒரு நாள் டிக்கெட் 15 டாலருக்குக் கிடைக்கும், இன்னொரு நாள் அதே இருக்கை 90 டாலர் காட்டும். எதை எடுப்பது?

பலரும் எந்த அணி பலமானது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது அவ்வளவு உதவாது என்பது என் கருத்து. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: அந்த ஸ்டேடியத்தில் மொத்தம் எத்தனை இருக்கைகள், அதில் வழக்கமாக எத்தனை நிரம்புகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் டிக்கெட் விலை, வரிசையில் நிற்கும் நேரம், பார்க்கிங், குழந்தைகளுக்கு ஓடியாட இடம், ஆட்டத்தின் ஆரவாரம் எல்லாமே முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும்.

முதல் படி: ஸ்டேடியம் எவ்வளவு பெரியது?

மேஜர் லீகின் 30 அணிகளில் பெரும்பாலானவற்றின் ஸ்டேடியங்கள் 35,000 முதல் 45,000 பேர் வரை கொள்ளும். நம் சேப்பாக்கம் சுமார் 38,000 பேர் உட்காரும் இடம். அதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்: பாஸ்டனின் ஃபென்வே பார்க், பிட்ஸ்பர்க்கின் பிஎன்சி பார்க், மினியாபொலிஸின் டார்கெட் ஃபீல்டு எல்லாம் ஏறக்குறைய அதே அளவுதான். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் 46,500 சொச்சம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு 50,000. எல்லாவற்றிலும் பெரியது லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம். 1962-இல் திறந்தது, 56,000 பேர் உட்காரலாம்.

மறுமுனையில், ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் டிராப்பிகானா ஃபீல்டில் மேல்தளத்தைத் துணி போட்டு மூடி, இருக்கைகளை 25,000 அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் மில்டன் புயல் அதன் கூரையைக் கிழித்துப் போட்டது. 2025 சீசன் முழுவதும் டாம்பா பே ரேஸ் அணி சுமார் 11,000 பேர் கொள்ளும் ஒரு பயிற்சி மைதானத்தில் ஆடியது. ஓக்லாண்டை விட்டுக் கிளம்பிய அத்லெடிக்ஸ் அணியும் அதே ஆண்டு சாக்ரமென்டோ பக்கத்தில் சுமார் 14,000 பேர் கொள்ளும் சின்ன ஸ்டேடியத்துக்குக் குடிபோனது.

பெரிய ஸ்டேடியம் என்றால் நல்ல அனுபவம் என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ்பாலில் பெரும்பாலும் நேர்மாறு. கிளீவ்லண்ட் அணியின் கதையைக் கேளுங்கள். பழைய முனிசிபல் ஸ்டேடியத்தில் 70,000-க்கு மேல் இருக்கைகள். அங்கே 15,000 பேர் வந்து உட்கார்ந்தாலும் வெறிச்சோடித்தான் தெரியும். எப்போது போனாலும் இடம் கிடைக்கும் என்பதால் முன்கூட்டியே டிக்கெட் வாங்க யாருக்கும் அவசரம் இல்லை. 1994-இல் அணி சுமார் 43,000 பேர் கொள்ளும் புது ஸ்டேடியத்துக்கு மாறியது. அதே சமயம் அணியும் நன்றாக ஆட ஆரம்பித்தது. 1995 முதல் 2001 வரை தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன! பிற்பாடு அதிலும் இருக்கைகளைக் குறைத்து இன்று 35,000 அளவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் பொதுவாக வட்டமான பெரிய கான்கிரீட் ஸ்டேடியங்களைக் கட்டினார்கள். ஃபுட்பால் அணி சொந்த ஊரில் ஒரு சீசனுக்கு எட்டு ஒன்பது முறைதான் ஆடும். அதற்கு 65,000 பேர் வருவார்கள். பேஸ்பால் 81 நாள் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரியும் அத்தனை பேரை எங்கிருந்து பிடிப்பது? பந்தும் சின்னது, மூன்று அங்குல விட்டம்கூட முழுதாக இல்லை. தூரத்து மேல்தளத்திலிருந்து பார்த்தால் என்ன நடக்கிறது என்றே புரியாது. 1992-இல் பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் வந்தபோதுதான் பேஸ்பாலுக்கு மட்டும் என்று அளவாகக் கட்டும் வழக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு கட்டிய பெரும்பாலான ஸ்டேடியங்களில் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரியும். புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இரண்டாம் படி: அறிவிக்கும் கூட்ட எண்ணைச் சரியாகப் படியுங்கள்

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோர் என்ற சுருக்க அட்டவணை வெளியாகும். யார் எத்தனை ஹிட் அடித்தார், யார் எத்தனை இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்தில் ஒன்பது, ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும்) வீசினார் என்றெல்லாம் வரிசையாகப் போய், அடியில் சின்ன எழுத்தில் ஆட்டம் எவ்வளவு நேரம் நடந்தது, கூட்டம் எவ்வளவு என்று முடியும். நாளிதழ்களில் கூட்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண் இருக்கும். அது ஸ்டேடியத்தின் கொள்ளளவு. நீங்கள் போக நினைக்கும் அணியின் கடந்த இரண்டு வாரத்து உள்ளூர் ஆட்டங்களை எடுத்து இந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஐந்து நிமிட வேலை. வெள்ளிக்கு எவ்வளவு, செவ்வாய்க்கு எவ்வளவு என்று அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த எண் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. வாசலைத் தாண்டி உள்ளே வந்த தலைகளின் எண்ணிக்கை இல்லை. சீசன் முழுவதற்கும் டிக்கெட் வாங்கி வைத்திருப்பவர் மழை, குளிர், ஆபீஸ் வேலை என்று வராமல் போனாலும் கணக்கில் அவர் வந்தவர்தான். மேஜர் லீகுக்குள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவுகள். முன்பு நேஷனல் லீக் அணிகள் வாசலில் எண்ணித்தான் சொல்லி வந்தன. 1993 முதல் அவையும் அமெரிக்கன் லீக் வழிக்கு மாறிவிட்டன. 30,000 என்று அறிவித்த ஆட்டத்தில் கண்ணெதிரே பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தால் யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் முறைதான் அப்படி.

இதற்கு 2025 ஆகஸ்டில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. டென்னசியின் பிரிஸ்டல் கார் பந்தயத் திடலுக்குள் தற்காலிக பேஸ்பால் மைதானம் அமைத்து அட்லாண்டா பிரேவ்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் ஆடின. அறிவித்த கூட்டம் 91,032. வழக்கமான சீசன் ஆட்டம் ஒன்றுக்கு இதுவரை வந்த கூட்டங்களில் இதுதான் அதிகம். 1954-இல் கிளீவ்லண்டில் சேர்ந்த 84,587-ஐ அது முறியடித்தது. ஆனால் சனிக்கிழமை இரவு மழை கொட்டி முதல் இன்னிங்ஸிலேயே ஆட்டம் நின்றுபோனது. மிச்சத்தை ஞாயிறன்று ஆடி முடித்தபோது முந்தின நாள் வந்தவர்களில் பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸையும் நேரில் பார்த்தவர்கள் அந்த எண்ணைவிட மிகக் குறைவு. ஆனாலும் புத்தகத்தில் 91,032 என்றுதான் நிற்கும்.

ஜப்பானிலும் இதே சிக்கல் வேறு மாதிரி இருந்தது. டோக்கியோ டோம் நிரம்பிய நாட்களிலெல்லாம் 55,000 என்றே முழு எண்ணாக அறிவித்து வந்தார்கள். 2005-இல் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வது என்று லீக் முடிவு செய்தபோது, அதே நிரம்பிய அரங்கில் பல ஆயிரம் பேர் குறைந்துபோனார்கள். ரசிகனுக்குச் சரியான எண்ணைச் சொல்வது அவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். அமெரிக்க அணிகளும் விற்றது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று இரண்டையும் போட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

பூஜ்யம் என்று பதிவான ஆட்டமும் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 29-ஆம் தேதி பால்டிமோரில் நகரக் கொந்தளிப்பு காரணமாகக் கதவுகளை மூடிவைத்து ஓரியோல்ஸும் சிகாகோ வைட் சாக்ஸும் ஆடின. கேம்டன் யார்ட்ஸில் பேட்டில் பந்து படும் சத்தம் டிவியில் எதிரொலியோடு கேட்டது.

மூன்றாம் படி: வகுத்துப் பாருங்கள்

இப்போது இரண்டு எண்களும் கையில் இருக்கின்றன. கூட்டத்தைக் கொள்ளளவால் வகுங்கள். அதே 25,000 பேர் டாட்ஜர் ஸ்டேடியத்தில் 45 சதவீதம்கூட இல்லை, மேல்தளங்கள் காற்றாடும். டிராப்பிகானாவில் அதே 25,000 என்றால் நிரம்பி வழியும். சமீப ஆண்டுகளில் மேஜர் லீகின் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 29,000 சொச்சம். தனியாகப் பார்த்தால் அந்த எண்ணால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

சீசன் மொத்தத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே சீசனில் அதிக ரசிகர்களை ஈர்த்த சாதனை 1993-இல் புதிதாகப் பிறந்த கொலராடோ ராக்கீஸுடையது: 44.8 லட்சம் பேர். அப்போது அவர்கள் ஆடியது ஃபுட்பாலுக்கான பிரம்மாண்டமான மைல் ஹை ஸ்டேடியத்தில். முதல் உள்ளூர் ஆட்டத்துக்கே 80,227 பேர். சராசரி 55,000 வந்தும் பல நாட்களில் இருபதாயிரம் இருக்கைகளாவது காலியாக இருந்திருக்கும். இன்றைக்கு அந்தச் சாதனையை உடைக்க யாரால் முடியும்? டாட்ஜர் ஸ்டேடியத்தில் 81 ஆட்டமும் ஓர் இருக்கை விடாமல் விற்றால் 45.36 லட்சம் வரும். வேறு எந்த ஸ்டேடியத்திலும் கணக்கே இடிக்கும். ஜப்பானிய நட்சத்திர வீரர் ஓஹ்டானியை வைத்துக்கொண்டு 2025-இல் டாட்ஜர்ஸ் முதன்முறையாக 40 லட்சத்தைத் தாண்டியது, அதுவே சுமார் 88 சதவீதம்.

40 லட்சத்தை முதன்முதலில் தொட்ட அணி எது தெரியுமா? ஸ்கார்பரோ தமிழர்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளலாம்: டொராண்டோ புளூ ஜேஸ், 1991-இல். 1989-இல் திறந்த ஸ்கைடோம், திறந்து மூடும் கூரை, அப்போது 50,000 இருக்கைகள், கிட்டத்தட்ட தினமும் நிறைந்தது. அதே அரங்கில் 2002-இல் சீசன் முழுவதும் வந்தவர்கள் 16 லட்சம் சொச்சம்தான். ஆட்டத்துக்கு 20,000, அதாவது 40 சதவீதம். கட்டடம் மாறவில்லை. அணி தோற்றுக்கொண்டிருந்தது, நகரம் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது ரோஜர்ஸ் சென்டர் என்ற பெயரில், உள்ளே இடித்துக் கட்டி, நின்று பேசிப் பார்க்கும் தளங்களுக்கு இடம் விட்டு, இருக்கைகளை 39,000 அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் 2025-இல் அங்கே நடந்தபோது ஊரே அங்கேதான் இருந்தது.

என் அளவுகோல் இது. 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் முன்பதிவுக்கு அவசரமே வேண்டாம், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் கால் நீட்டி உட்காரலாம். 50-லிருந்து 80 வரை என்றால் முதல்முறை போகிறவர்களுக்கு மிகப் பொருத்தம்: ஆரவாரமும் உண்டு, கழிப்பறைக்குப் போய்வர ஒரு முழு இன்னிங்ஸ் இழக்க வேண்டியதில்லை. 85-க்கு மேல் என்றால் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதம் குறைவாக இருந்தால் அணி மோசம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். டாம்பா பே ரேஸ் 2023-இல் 99 ஆட்டங்களை ஜெயித்தது. அந்த அக்டோபரில் தன் அரங்கில் நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு 19,704 பேர்தான் வந்தார்கள். மக்கள் அதிகம் வசிப்பது வளைகுடாவின் ஒரு கரையில், ஸ்டேடியம் இருப்பது மறுகரையில். வேலை முடிந்து சாயங்கால நெரிசலில் பாலத்தைக் கடக்க வேண்டும். ஓக்லாண்டில் காரணம் வேறு. உரிமையாளர் அணியை ஊரைவிட்டு எடுத்துப் போகப் போகிறார் என்ற கோபத்தில் ரசிகர்கள் ஒதுங்கிவிட்டார்கள். 2023-இல் அங்கே சராசரி 10,000 சொச்சம்தான். ஆனால் அதே ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி, நாங்கள் செத்துப்போகவில்லை என்று காட்டுவதற்காகவே திட்டமிட்டு 27,759 பேர் வந்து குவிந்தார்கள், அணியை விற்றுவிட்டுப் போ என்று எழுதிய பச்சைச் சட்டையோடு. காலி இருக்கைகளும் நிரம்பிய இருக்கைகளும் அந்த ஊரில் ஒரே செய்தியைத்தான் சொல்லின.

நான்காம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளி இரவு, சனி, ஞாயிறு மதியம் கூட்டம். திங்கள் முதல் வியாழன் வரை குறைவு. ஏப்ரலில் வட மாநிலங்களில் குளிர் நடுக்கும், பள்ளியும் நடக்கும். சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம் மட்டும் எங்கேயும் நிறைந்துவிடும், மறுநாளே பாதி காணாமல் போகும். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு வரை பள்ளி விடுமுறை, வார நாட்களிலும் குடும்பங்கள் வரும். யாங்கீஸ், ரெட் சாக்ஸ், டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸ் போன்ற அணிகள் விருந்தாளியாக வந்தால் உள்ளூர் அணி எவ்வளவு சோப்ளாங்கியாக இருந்தாலும் விலை ஏறும்.

அப்புறம் அன்பளிப்பு நாட்கள். தலையாட்டும் பொம்மை, சட்டை, தொப்பி என்று முதலில் வரும் இத்தனை ஆயிரம் பேருக்கு என்று அறிவிப்பார்கள். டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஓஹ்டானி பொம்மை கொடுக்கும் நாளில் கதவு திறக்கப் பல மணி நேரம் முன்பே கார்கள் வரிசை கட்டிவிடும். டொராண்டோவில் ஒரு டாலருக்கு ஹாட் டாக் கொடுக்கும் செவ்வாய்க்கிழமைகள் உண்டு. செவ்வாய்தானே என்று நினைத்துப் போனால் சனிக்கிழமைக் கூட்டம் நிற்கும். அதனால் அணியின் இணையதளத்தில் அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல்முறைக்கு என் யோசனை: ஜூன் அல்லது ஜூலையில் ஒரு புதன் அல்லது வியாழன். சில வாரங்களில் அந்த நாட்களில் மதிய ஆட்டம் வைப்பார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட் வாங்குவது

அணிகளே தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்குகின்றன. வாங்கியவர்கள் திரும்ப விற்கும் சந்தையும் சட்டபூர்வமாக நடக்கிறது. சதவீதம் குறைந்த அணி என்றால் ஆட்டத்தன்று மதியம் வரை காத்திருக்கலாம், வர முடியாதவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நிரம்பும் அணி என்றால் காத்திருப்பது வீண். பாஸ்டனில் 2003 மே முதல் 2013 ஏப்ரல் வரை, பிளேஆஃபையும் சேர்த்துத் தொடர்ந்து 820 ஆட்டங்கள் விற்றுத் தீர்ந்தன. 37,000 சொச்சம் இருக்கைகள்தான் என்பதும் அதற்கு ஒரு காரணம். இருக்கை குறைவு என்றால் கடைசி நேர மலிவு விலை என்ற பேச்சே இல்லை.

முதலில் காட்டும் விலையை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 2025 மே முதல் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் முன்னால் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனாலும் பணம் கட்டுமுன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். டிக்கெட் போனில்தான் வரும், பெரும்பாலும் லீகின் பால்பார்க் செயலியில். நால்வருக்கும் உங்கள் போனிலேயே இருந்தால் ஒன்றாகத்தான் நுழைய வேண்டும், தாமதமாக வருகிறவருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே உட்கார்வது?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. கிரிக்கெட்டில் ஆட்டம் நடுவில், சுற்றிலும் சமதூரம். பேஸ்பாலில் எல்லாம் ஒரு மூலையிலிருந்து புறப்படுகிறது. பேட்டர் நிற்கும் அந்த மூலைதான் ஹோம் பிளேட். அங்கிருந்து இடமும் வலமுமாக விசிறி விரிந்ததுபோல் மைதானம் போகிறது. பந்து வீசும் பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத்தில், ஓடித் தொட வேண்டிய பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 90 அடி. இவை எங்கும் மாறாது. ஆனால் வெளிச்சுவர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஃபென்வேயில் இடதுபக்கச் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியில் இருக்கிறது, அதை ஈடுகட்ட 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர். வலதுபக்க எல்லைக் கம்பம் 302 அடிதான். யாங்கி ஸ்டேடியத்தின் வலது மூலை 314 அடி.

முதல்முறைக்கு ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், மேல்தளத்தின் முன்வரிசைகள். கீழ்த்தளத்தின் பாதி விலையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கும். பந்து எங்கே போகிறது, யார் எங்கே ஓடுகிறார் என்று முழுப் படமும் விரியும். கீழே ஓரத்தில் உட்கார்ந்தால் வீரர்கள் பக்கத்தில் தெரிவார்கள், ஆட்டம் புரியாது. ஆட்டம் பிடிபட்ட பிறகு வெளிச்சுவர்ப் பக்கமான அவுட்ஃபீல்டுக்கு மாறுங்கள், சத்தமாகப் பாடி ஆடும் கூட்டம் அங்கேதான்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் பேட்டர் ஏறக்குறைய கிழக்கு நோக்கி நிற்பார், மாலை வெயில் அவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அதனால் மதியத்துக்கு மேல் முதலில் நிழல் வருவது பொதுவாக ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் மூன்றாம் பேஸ் பக்கமும். அவுட்ஃபீல்டில் இருப்பவர்கள் சூரியனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய ஸ்டேடியங்களில் இன்னொன்று. 1912-இல் திறந்த ஃபென்வேயிலும் 1914-இல் திறந்த சிகாகோவின் ரிக்லி ஃபீல்டிலும் மேல்தளத்தைத் தாங்க இரும்புத் தூண்கள் இருக்கைகளுக்கு நடுவிலேயே நிற்கின்றன. ஃபென்வேயின் நீல நிற மரநாற்காலிகள் ஒடுக்கமானவை, முழங்கால் முன்வரிசையில் இடிக்கும். வலதுபக்க மூலையில் உட்கார்ந்தால் நாற்காலி ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும், மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தூண் மறைக்கும் இருக்கை என்றால் டிக்கெட்டிலேயே குறித்திருப்பார்கள். விலை குறைவு ஏன் என்று யோசிக்காமல் வாங்கக் கூடாது. இத்தனை சொன்னாலும் ஃபென்வேக்குள் நுழையும் முதல் நிமிடம் வேறு எந்த அரங்கிலும் கிடைக்காது. பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு கட்டாயம் ஒருமுறை போங்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் ஃபவுல் பால், அதாவது ஓரக்கோட்டுக்கு வெளியே போகும் அடி, பறந்து வரும். 30 ஸ்டேடியங்களிலும் பாதுகாப்பு வலையை இப்போது நீட்டிப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் வலை முடிகிற இடத்துக்கு அப்பால் கைக்குழந்தையோடு உட்கார வேண்டாம். பந்து கையில் சிக்கினால் அது உங்களுக்கே சொந்தம், கிரிக்கெட் மாதிரித் திருப்பி எறிய வேண்டியதில்லை.

ஏழாம் படி: போகும் நாள்

பை 16 அங்குலத்துக்கு 16-க்கு 8 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது லீகின் உச்சவரம்பு. சில அணிகள் அதற்கும் குறைவாகத்தான் விடும். வெளி உணவைப் பல ஸ்டேடியங்கள் அனுமதிக்கின்றன. புளியோதரையைக் கண்ணாடி அல்லாத டப்பாவில் கட்டிக்கொண்டு போவதில் தப்பே இல்லை, உள்ளே சைவத்துக்குப் பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலும் நிலக்கடலையும்தான். எதற்கும் அணியின் விதிப் பக்கத்தை முந்தின நாள் படியுங்கள். உள்ளே ரொக்கம் பெரும்பாலும் செல்லாது, கார்டு வேண்டும்.

எப்படிப் போவது என்பதும் ஸ்டேடியத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்ததுதான். யாங்கி ஸ்டேடியத்துக்கும் ரிக்லிக்கும் ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். டொராண்டோவில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடை. பிட்ஸ்பர்க்கில் ஆட்ட நாட்களில் கிளெமென்டே பாலத்தைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள், ஆற்றைக் கடந்து நடந்தே போகலாம், அந்த நடைக்காகவே போகலாம். டாட்ஜர் ஸ்டேடியம் மலைமேல் இருக்கிறது, சுற்றிலும் கார் நிறுத்தும் கடல். அதனால்தான் அங்கே மூன்றாம் இன்னிங்ஸில் வந்து ஏழாம் இன்னிங்ஸில் கிளம்புகிறார்கள் என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸின் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவச பஸ் உண்டு, அதில் போங்கள். டெக்சாஸின் ஆர்லிங்டனுக்குக் கார்தான் வழி, ஆனால் கூரை மூடி ஏசி போட்டிருப்பார்கள், ஆகஸ்டு வெயிலில் அது பெரிய புண்ணியம். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை இரவிலும் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

ஆட்டம் எவ்வளவு நேரம்? 2023-இல் பந்து வீச நேரக்கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதுவரை மூன்று மணியைத் தாண்டிக்கொண்டிருந்த சராசரி 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. 6:40-க்கு ஆரம்பித்தால் 9:30-க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய மாற்றம். கதவு திறந்ததும் போய்விட்டால் வீரர்கள் பயிற்சி அடிப்பதைப் பார்க்கலாம், கூட்டம் சேருமுன் உணவு வாங்கலாம். ஏழாம் இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள். வரி தெரியாவிட்டால் திரையில் வரும்.

சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நீங்களே மதிப்பிட மூன்றாம் அல்லது நான்காம் இன்னிங்ஸ்தான் சரியான நேரம். தாமதமாக வருகிறவர்களும் வந்திருப்பார்கள், சீக்கிரம் போகிறவர்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள். உங்கள் தளத்தில் ஒரு பகுதியில் பத்து வரிசை எண்ணிப் பார்த்தால் போதும்.

மேஜர் லீக் மலைப்பாக இருந்தால்

ஒரு குடும்பத்துக்கு டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்ந்து கணிசமாக ஆகும். அதனால் நான் பலருக்கும் முதலில் மைனர் லீகைத்தான் சொல்வேன். மேஜர் லீக் அணிகளோடு இணைந்த 120 அணிகள் சின்னச் சின்ன ஊர்களில் ஆடுகின்றன. நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்களிலேயே இருக்கின்றன. நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்கு, அதே ஊரில் யாங்கீஸின் இளநிலை அணியான சாமர்செட் பேட்ரியட்ஸ் ஆடுகிறது என்பது தெரிந்திருக்காது. சுமார் 6,000 பேர் கொள்ளும் இடம். ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்டில் 7,500. டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் சுமார் 10,000, அங்கே அவுட்ஃபீல்டுக்கு அப்பால் மிதந்துகொண்டே ஆட்டம் பார்க்க நீச்சல் ஓடையே இருக்கிறது. கிராண்ட் பிரெய்ரியில் இப்போது டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் ஆடும் ஸ்டேடியம்கூட முன்பு ஒரு சின்ன பேஸ்பால் அணியின் மைதானமாக இருந்ததுதான்.

இங்கே எல்லா இருக்கையும் ஆட்டத்துக்குப் பக்கம். பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும்போது வரும் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். இரண்டு ஆண்டு கழித்து டிவியில் பார்க்கப்போகும் வீரரைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம், பிள்ளைகள் கேட்டால் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். பொதுவாக செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. வெள்ளி சனியில் பல ஊர்களில் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை வைப்பார்கள், அன்று மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். புல்சரிவில் உட்கார இடம் விடும் அரங்கு என்றால் ஒரு ஜமக்காளம் எடுத்துப் போங்கள்.